கவுன்சிலிங்குக்குத் தனியாகப் போவது: காதலிலும் கல்யாணப் பேச்சிலும் மாட்டிக்கொண்ட நெல்லைக்காரர்களுக்கு

"கவுன்சிலிங் போறேன்" என்று சொன்னபோது எங்கம்மா கேட்ட முதல் கேள்வி, "இந்த வயசுல இனி என்னய்யா படிக்கப் போற?"

அம்மாவைச் சொல்லித் தப்பில்லை. நம்ம ஊரில் அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட் ஒதுக்குவது. இன்னொன்று, ஓடிப்போன ஜோடியை ஸ்டேஷனில் உட்காரவைத்து, ரெண்டு வீட்டாரையும் வரவழைத்து, "கவுன்சிலிங் கொடுத்து அனுப்பினார்கள்" என்று மறுநாள் பேப்பரில் வருவது. முன்னதில் சீட் கிடைக்கும், பின்னதில் அறிவுரை கிடைக்கும். நான் இங்கே சொல்லப்போகிற மூன்றாவது வகை, உறவுச் சிக்கலை ஓர் ஆலோசகரிடம் தனியாளாகப் போய்ப் பேசுவது. அதில் ரெண்டுமே கிடைக்காது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு போனால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

என்னைப் பற்றி ஒரு வரி: சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வேலை பாளையங்கோட்டையில். நிச்சயம் வரை போன ஒரு சம்பந்தம் என் 31-வது வயதில் முறிந்தது. அதற்கு நாலு வருஷம் முன்னால் ஒரு காதல், அதுவும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் முறிந்திருந்தது. ரெண்டாவது தடவைதான், "இதுல என் பங்கு ஏதோ இருக்கே" என்று தோன்றியது. பதினோரு மாதம் போய்வந்தேன். விஷயம் கசிந்த பிறகு, "மாப்ள, அங்க என்னதான் செய்வாங்க?" என்று ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் போட்டுக் கேட்கிற நண்பர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது

பிரிவுக்கப்புறம் தூக்கம் கெட்டுக் கிடப்பவர் போகலாம். ஆள் மாறினாலும் சண்டை மட்டும் மாறாமல் அதே இடத்தில் வந்து நிற்கிறவர் போகலாம். பிளஸ் டூ வரை ஆண்கள் பள்ளி, அப்புறம் ஆண்கள் கல்லூரி என்று வளர்ந்து, ஒரு பெண்ணிடம் ரெண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் பேச வராதவர் போகலாம். என் நண்பன் ஒருத்தன் ஒன்பது வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனான். ஒன்பதிலும் கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தான். அவனும் போனான். நிச்சயமான பிறகு, "இந்த ஆள் வேண்டாமோ" என்று வயிற்றைப் பிசைகிற பெண்கள், வீட்டில் சொல்ல முடியாத சாதி வித்தியாசக் காதலில் இருப்பவர்கள், கப்பலிலோ துபாயிலோ இருக்கிற ஆளோடு வாட்ஸ்அப்பிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள், டேட்டிங் ஆப்பில் பேசிப் பேசி அலுத்தவர்கள், எல்லாருக்கும் இதில் இடம் உண்டு.

முதலிரவு பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "தாது நஷ்டம்", "நரம்புத் தளர்ச்சி" என்று போஸ்டர் ஒட்டி, லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்களிடம் நம்ம பையன்கள் கொடுக்கிற காசுக்குக் கணக்கே கிடையாது. அந்தப் பயத்தைக் கொண்டுபோக வேண்டிய இடம் மனநல மருத்துவர். உடம்புக் கோளாறு என்று அவருக்குச் சந்தேகம் வந்தால் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் அவரே அனுப்புவார்.

போகக்கூடாத காரணங்களும் உண்டு. போனவளைத் திரும்ப வரவழைக்க, அப்பாவைச் சம்மதிக்கவைக்க, "யார் மேல தப்பு"ன்னு தீர்ப்பு வாங்க என்று போகாதீர்கள். நீங்கள் தனி ஆளாகப் போகிறீர்கள். அறையில் இல்லாத ஆளை அங்கே யாராலும் மாற்ற முடியாது. உங்களுக்கு அல்வா கொடுத்துவிட்டுப் போனவர் ஏன் கொடுத்தார் என்பதற்கு அங்கே பதில் கிடைக்காது. நீங்கள் ஏன் ரெண்டாவது தடவையும் கை நீட்டினீர்கள் என்பதைப் பேசலாம்.

கோட்டிக்கார ஆஸ்பத்திரி

கோட்டி என்றால் எங்க ஊர்ப் பேச்சில் பைத்தியம். இந்த வார்த்தையைத் தாண்டாமல் நெல்லைச் சீமையில் யாரும் அந்தப் படி ஏறியதில்லை. "ஏல, ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று அண்ணன் கேட்பான். உவரி அந்தோணியார் கோயிலில் போய்க் கொஞ்ச நாள் தங்கு என்பார் ஒருத்தர், பொட்டல்புதூர் தர்காவுக்குப் போய் ஓதிக்கொண்டு வா என்பார் இன்னொருத்தர். போக வேண்டும் என்று தோன்றினால் அங்கேயும் போங்கள். இதற்கும் அதற்கும் சண்டை இல்லை. நான் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவேன், வியாழக்கிழமை இங்கே போவேன்.

வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டுமா? 18 வயது முடிந்தவர் என்றால் அவசியமில்லை. நான் ஆறு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அதுவரை "கம்ப்யூட்டர் கிளாஸ்". இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வேலை நடந்தது என்கிறேன். பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம் என்பதால் காசுக்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் ரெண்டு மணி நேரத்துக்குச் சொல்ல வேண்டும். கடைக்கோ ரேஷனுக்கோ போகிற நேரத்தில் அடங்காது என்று தெரிந்தால் முதலிலேயே போன் வழி ஆலோசனைக்குப் போய்விடுவது நல்லது.

யார் யார், என்ன படித்தவர்

போர்டில் "மனநல ஆலோசகர்" என்று இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். யார் வேண்டுமானாலும் அந்த போர்டை எழுதி மாட்டிவிட முடிகிறது. ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு படித்தவரும் மாட்டுகிறார்.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுதுகிற அதிகாரம் இவருக்குத்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், பெரும்பாலும் எம்.ஃபில். படிப்பு வழியாக வந்தவர், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பவர். அந்த கவுன்சிலைச் சுருக்கமாக ஆர்.சி.ஐ. என்பார்கள். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிற அமைப்பு, பதிவு இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பெயர் போட்டே பார்த்துக்கொள்ளலாம். இவர் மாத்திரை எழுதமாட்டார், பேச்சு வழியாகத்தான் சிகிச்சை. மூன்றாவது வகை, உளவியலிலோ சமூகப் பணியிலோ எம்.ஏ., எம்.எஸ்.சி., எம்.எஸ்.டபிள்யூ. முடித்த ஆலோசகர். காதல், கல்யாணக் குழப்பத்துக்கு இவர்களில் நல்லவர் கிடைத்தால் தாராளமாகப் போதும். எனக்குக் கடைசியில் உதவியவர் இந்த மூன்றாவது வகைதான்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல், வேலைக்குப் போவதே மலையாகத் தெரிந்தால் முதலில் மருத்துவர், பேச்சு அப்புறம். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஓடுகிறது என்றால் இந்தக் கட்டுரையைக் கீழே வைத்துவிட்டு 14416-ஐக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசு சேவை அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

எங்கே தேடுவது

அதே 14416-ல் இருந்தே தொடங்கலாம். சாகிற நினைப்பு இருந்தால்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. "லவ் பிரேக்கப் ஆச்சு, யாரைப் பார்க்கணும்னு தெரியல" என்று சொன்னாலும் பேசுவார்கள்.

அரசு வழி என்றால் ஹைகிரவுண்ட். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். கூட்டத்தில் மருத்துவர் உங்களுக்கென்று முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியாது, அதை எதிர்பார்த்துப் போனால் கோபம்தான் வரும். மருத்துவரைப் பார்த்ததும், "பேசுறதுக்கு சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்ப முடியுமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர் மாத்திரைச் சீட்டோடு வந்துவிடுகிறார். தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாட்களில் வருவதுண்டு. உங்கள் ஊரில் எந்த நாள் என்று நர்ஸிடம் கேட்டால் தெரியும். தென்காசி 2019-ல் தனி மாவட்டமான பிறகு, அந்தப் பக்கத்துக்காரர்கள் அங்குள்ள தலைமை மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம்.

படிக்கிற பிள்ளைகள் கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் ஒரே ஒரு கேள்வி: "நான் பேசுறது ஹெச்.ஓ.டி.க்குப் போகுமா?" பதிலில் ஒரு தயக்கம் தெரிந்தாலும் வெளியே பாருங்கள்.

தனியார் என்றால் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் தேட வேண்டும். நம்ம ஊரில் பெரிய தடை காசு இல்லை, கண்ணு. கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போது எதிர்க்கடை அண்ணாச்சி, "என்ன தம்பி, இங்கன?" என்பார். அதனால் சேரன்மகாதேவிக்காரர் பாளைக்கு வருவதும், பாளைக்காரர் நாகர்கோவிலுக்குப் போவதும் நடக்கிறது. அது கோழைத்தனம் ஒன்றுமில்லை. ஆனால் எண்பது கிலோமீட்டர் வாரா வாரம் போகமுடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூணாவது வாரம் நின்றுபோகிற தூரத்துக்குப் போவதைவிட, வீடியோ காலில் சென்னை ஆளிடம் பேசுவது மேல்.

வீடியோ கால் என்றால் வீட்டில் இடம் எங்கே? ஒரே ஹால், அதில் டிவி, டிவி முன்னால் ஆச்சி. எனக்குத் தெரிந்த ஒரு பெண் வாரா வாரம் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் பேசினாள். ஒரே சேலையை ஐந்து தடவை உதறிக் காயப்போட்டதாகச் சொல்வாள். இன்னொருவர் சாயங்காலம் குறுக்குத்துறைப் படித்துறையில் தள்ளி உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிப் பேசுவார். ஆற்றுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது.

முதல் போன்

இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். நான் நம்பரை வைத்துக்கொண்டு பத்தொன்பது நாள் இருந்தேன். பேசத் தயக்கம் என்றால் மெசேஜ் போதும். நான் அனுப்பியது இது: "வணக்கம் மேடம். என் வயசு 31. உறவுப் பிரச்சினை பற்றித் தனியாகப் பேசணும். தமிழ்லதான் பேச வரும். ஒரு தடவைக்கு எவ்வளவு ஃபீஸ், எவ்வளவு நேரம், சனிக்கிழமை நேரம் இருக்குமா?" பெயர்கூடப் போடவில்லை. பதில் வந்தது.

பதில் வந்ததும் கேட்க வேண்டியவை சில உண்டு. என்ன படிப்பு, எங்கே பதிவு. காதல், கல்யாணம் சம்பந்தமாக வருகிறவர்களைப் பார்த்த பழக்கம் உண்டா. அப்பாயின்ட்மென்டை நினைவுபடுத்த வீட்டு நம்பருக்குக் கூப்பிடுவார்களா. வர முடியாமல் போனால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும். ஃபீஸைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நான் ஒரு தடவைக்கு 600 ரூபாய் கொடுத்தேன். கட்டுப்படியாகாத மாதத்தில் கேட்டேன், ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டோம்.

போவதற்கு முந்தின நாள்

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாழ்க்கை வரலாறு வேண்டாம். நடந்த மூன்று சம்பவம் போதும், ஒவ்வொன்றும் ஒரு நாள், ஒரு மணி, ஒரு இடம். "அவ என்னை மதிக்கவே மாட்டா" என்பது சம்பவம் இல்லை, அது நீங்கள் எழுதிவைத்த தீர்ப்பு. "போன மாசம் சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மெசேஜ் போட்டேன், ஒன்பது மணி வரை பதில் இல்ல, அதுக்குள்ள பதினேழு தடவை கூப்பிட்டேன்" என்பது சம்பவம். இதை எழுதும்போதே எனக்குக் கை கூசியது. அந்தக் கூச்சத்தோடே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் என்ன நடக்கும்

எனக்கு ரெண்டு முதல் நாள்.

முதலாவது ஆள் ஒரு பெரியவர். போனதும் தம்பி எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுக?" என்றார். நான் சொன்னேன். பொண்ணு என்ன ஆளுக என்றார். அதையும் சொன்னேன். அப்புறம் ஐம்பது நிமிஷமும் அவர்தான் பேசினார். பெத்தவங்க மனசு, இந்தக் காலத்துப் பிள்ளைகள், தான் எப்படிக் கல்யாணம் பண்ணினார், ரெண்டு குறள். வெளியே வரும்போது அப்பாவிடம் திட்டு வாங்கிவிட்டுக் காசும் கொடுத்த மாதிரி இருந்தது. இது கவுன்சிலிங்கே இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் இது ஒத்துவரவில்லை போல என்று நாலு மாதம் சும்மா இருந்தேன். உங்களுக்கு அந்த நாலு மாதம் வீணாகக்கூடாது. முதல் தடவையில் அவர் பேசியது அதிகமா, நீங்கள் பேசியது அதிகமா? இந்த ஒரு அளவுகோல் போதும்.

ரெண்டாவது இடம் ஒரு வீட்டின் முன்னறை. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை, மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். மேடம் முதலில் விதிமுறை சொன்னார்: நீங்கள் சொல்வது இந்த அறைக்குள் இருக்கும், மூன்று விதிவிலக்குகள் தவிர. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும். கோர்ட் உத்தரவிட்டுக் கேட்டால் சொல்ல வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் சம்பந்தப்பட்ட பாலியல் விஷயம் தெரியவந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடைசி விஷயத்தைப் பள்ளிக்கூடக் காதலில் இருக்கிற பிள்ளைகளும் அவர்களை அனுப்பிவைக்கிற அண்ணன், அக்காமாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மற்றபடி, சிகிச்சை பெறுகிறவரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் சித்தப்பா வந்து கேட்டால் சொல்லக்கூடாது.

அப்புறம் நான் இருபது நிமிஷம் அவளைப் பற்றியே பேசினேன். அவள் இப்படி, அவள் அம்மா அப்படி. மேடம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "பதினாறாவது தடவை கூப்பிட்டப்போ உங்களுக்கு உடம்புல எங்க என்ன செஞ்சுது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வெப்ராளமா இருந்துச்சு என்றேன். அவர் வெளியூர்க்காரர், அந்த வார்த்தை புரியவில்லை. அதை விளக்கப் போனேன்: நெஞ்சுக்குள் ஏதோ உருளும், கை சும்மா இருக்காது, யாரையாவது ஏதாவது செய்யணும் போல இருக்கும், அழுகையும் வரும், அழவும் முடியாது. விளக்கி முடித்தபோது அந்த மணி நேரமும் முடிந்திருந்தது. அன்றைக்குத்தான் ஏதோ நடந்தது என்று தோன்றியது.

அதனால் உங்கள் ஊர் வார்த்தையிலேயே பேசுங்கள். டிப்ரஷன், டாக்ஸிக், ரெட் ஃப்ளாக் என்று போனில் படித்த சொற்களைக் கொண்டுபோய்க் கொட்டினால் அவருக்கு உடனே புரிந்துவிடும், உங்களுக்குத்தான் புரியாமல் போய்விடும்.

அப்புறம் என்ன வேலை

வாரம் ஒருமுறை, நாற்பத்தைந்து அல்லது ஐம்பது நிமிஷம். விஷயத்தைப் பொறுத்து எட்டுத் தடவையிலும் முடியலாம், இருபதும் ஆகலாம். முறைகள் பல உண்டு. அதிகம் காதில் விழுவது சி.பி.டி. (காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி). அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கியது. நடந்தது வேறு, நடந்ததைப் பற்றி மனசு சொல்லிக்கொண்ட கதை வேறு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான். சொல்ல எளிது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். குறுக்கே கோடு போட்டு ஐந்து கட்டம். நடந்தது, மனசில் ஓடியது, உடம்பில் தெரிந்தது, நான் செய்தது, வேறென்ன காரணம் இருந்திருக்கலாம். அந்தப் பதினேழு கால் சனிக்கிழமையை எழுதினோம். நடந்தது: ரெண்டு டிக்கும் நீலம், பதில் இல்லை. மனசில் ஓடியது: வேறு யாருடனோ பேசுகிறாள், என்னை விட்டுவிடுவாள். கடைசிக் கட்டம் காலியாகவே கிடந்தது, எனக்கு வேறு காரணமே தோன்றவில்லை. உண்மையில் அன்று நடந்தது என்ன என்று எனக்குப் பிற்பாடு தெரிந்திருந்தது: அவள் கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டில் இருந்தாள், போன் அவள் தம்பி கையில் கேம் ஆடிக்கொண்டிருந்தது. தெரிந்த பிறகும் அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு மனசு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. மூன்று வாரம் அதைப் பற்றியே பேசினோம்.

வீட்டுப்பாடம் உண்டு. மெசேஜ் அனுப்பிவிட்டு இருபது நிமிஷம் போனைத் தொடக்கூடாது, அடுத்த வாரம் நாற்பது. நண்பர்களுக்கு அனுப்பும்போதே பழக வேண்டும். என்னால் முடியவில்லை. கடைசியில் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டு, மூடி மேல் உட்கார்ந்துகொண்டேன். அம்மா அதைப் பார்த்த அன்றுதான் வீட்டில் உண்மையைச் சொன்னது.

கேசரித் தட்டு நண்பனுக்கு வேறு மாதிரி. அவனுக்கு ஏணிப்படி போட்டுக் கொடுத்தார்கள். முதல் படி, டீக்கடையில் கண்ணைப் பார்த்து மிச்சச் சில்லறை கேட்பது. அப்புறம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் வேலை அல்லாத ஒரு விஷயம் பற்றி ரெண்டு நிமிஷம் பேசுவது. பெண் பார்க்கிற வீடு பதினோராவது படி. ஆறாவது படியிலேயே ரெண்டு மாதம் நின்றான்.

சிலருக்குப் பேச்சு சின்ன வயசுக்குப் போகும். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி இங்கிலாந்து மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதை, 1987-ல் ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பெரியவர்களின் காதலுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டே இருக்கிறவர், நெருங்கினால் விலகி ஓடுகிறவர் என்று அதில் வகைகள் உண்டு. என் அப்பா எட்டு வருஷம் வெளிநாட்டில் இருந்தார், வாரம் ஒரு போன், அது வராத வாரங்களும் உண்டு. நான் ஒன்பதாவது தடவையில்தான் இதைச் சொன்னேன், அதுவும் வேறு எதையோ சொல்லும்போது. எல்லாவற்றையும் அப்பா தலையில் கட்டிவிட்டுக் கிளம்பவும் மேடம் விடவில்லை.

நடுவில் ஒரு கட்டம் வரும், நாலாவது ஐந்தாவது வாரத்தில். போவதற்கு முன்னால் இருந்ததைவிட மோசமாக இருக்கும். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதற்குப் பதில் அதையே போய்ச் சொல்லுங்கள்: "மேடம், இங்க வந்தப்புறம்தான் அதிகமா அழுறேன்." அந்த வார வேலை அதுதான்.

சாதி, அடி, மிரட்டல்

நம்ம மாவட்டத்தில் இதை மென்று விழுங்கிவிட்டு எழுத முடியாது. சாதி தாண்டிய காதலில் உயிர்ப் பயம் நிஜமான பயம், அதை "உங்க எண்ணத்தை மாத்திப் பாருங்க" என்று நோட்டுக் கட்டத்துக்குள் அடைக்கிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். நல்ல ஆலோசகர் பாதுகாப்பைத்தான் முதலில் பேசுவார். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது, எந்தச் சூழ்நிலையில் ஊரில் இருக்கக்கூடாது. இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல்துறையோடு சேர்ந்த தனிப்பிரிவு வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அதை வைத்து மாவட்டக் காவல் அலுவலகத்தில் நேரடியாகப் பாதுகாப்புக் கேட்கலாம். முடிந்தால் ஒரு வக்கீலோடு போங்கள்.

அடிக்கிற ஆளோடு இருக்கிற பெண்ணுக்கும் இதே வரிசைதான். முதலில் பெண்கள் உதவி எண் 181, அப்புறம்தான் மற்றது. குடும்ப வன்முறைச் சட்டம் (2005), தாலி கட்டாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் பொருந்தும். போட்டோவை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறவனுக்கு சைபர் கிரைம், எண் 1930.

ஓரினக் காதலோடு போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. "இதை மாத்திடலாம்" என்று சொல்கிறவரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள். அப்படி மாற்ற முயல்வதற்கே சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை சொன்னது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், விஷயம் தனக்கே சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லி, தானே ஓர் உளவியலாளரிடம் நேரம் வாங்கிப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். நீதிபதியே போயிருக்கிறார் என்பது, "கோட்டியா?" என்று கேட்கிற அண்ணனிடம் சொல்லவும் உதவும்.

மாற்றுவதும் முடிப்பதும்

ராத்திரி பத்து மணிக்கு "சாப்டீங்களா" என்று மெசேஜ் போடுகிற ஆலோசகர், உங்களைத் தொட்டுப் பேசுகிறவர், பத்து தடவைக்கும் சேர்த்து முன்பணம் கேட்கிறவர், "கண்டிப்பா சேர்த்துவைக்கிறேன்" என்கிறவர், இவர்களை விடக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆள் நல்லவர், ஆனால் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், மூன்று தடவை பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே இன்னொருவர் பெயர் தருவார்.

முடிப்பதும் ஒரே நாளில் இல்லை. வாரம் ஒன்று ரெண்டு வாரத்துக்கு ஒன்றாகும், அப்புறம் மாதம் ஒன்று. எனக்குக் கடைசி மூன்று தடவையும் மாத இடைவெளியில். இப்போதும் எப்போதாவது நோட்டை எடுப்பேன். பதினேழு கால் போன மாதம் மூன்றானது. அரிசி டிரம் தேவைப்படவில்லை.

இன்னொன்று. வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பல இடங்களில் அன்றைய ஃபீஸைக் கேட்பார்கள். டவுன் பக்கம் போகிறவர்கள் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள். உள்ளூர் விடுமுறை ஆயிற்றே, கூட்டம் இருக்காது என்று நம்பி நான் வாங்கினேன். ஜங்ஷனில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நடந்தே போனேன், நாற்பது நிமிஷம் லேட், பத்து நிமிஷம் பேசினோம். 600 ரூபாய்.